ஒரு படம் தள்ளி

ஆவணி 2, செவ்வாய்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஆக்னஸ் அம்மா போனில் ஒரு மைக் படத்தைக் காட்டி, "இத அமுக்கிட்டுப் பேசுங்க அய்யா, அதுவே எழுதிக்கும். வீட்ல அம்மா என்ன சொல்றாங்கன்னு அன்னன்னிக்குச் சொல்லி வைங்க. கொஞ்சம் திருத்தமாப் பேசுங்க, இல்லைன்னா போனுக்குப் புரியாது" என்றார். அதனால் ரேடியோவில் செய்தி வாசிப்பவர் மாதிரி பேசிக்கொண்டிருக்கிறேன்.

என் பெயர் மாரப்பன். ஈரோடு மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்கியவன். என் சம்சாரம் பாவாயி. பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் இட்லிக் கடை போட்டிருந்தாள். கைக்கு ஈடாக வாயும் ஓடும். சட்னி கேட்டவனுக்குச் சட்னியோடு அவன் மாமியார் சண்டைக்குத் தீர்ப்பும் சேர்த்துக் கொடுத்து அனுப்புவாள். மாசி மாதம் பக்கவாதம் வந்தது. வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. தலை தன்னால் ஆடிக்கொண்டிருப்பதால் அவள் தலையசைப்பையும் நம்ப முடியாது. உயிரை மீட்டுக் கொடுத்த டாக்டருக்குக் கோடி கும்பிடு.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஒரு பேசும் பலகை கொடுத்திருக்கிறார்கள். கோயமுத்தூரில் ஒரு சின்னக் கம்பெனி செய்வதாம். பலகையில் வரிசையாகப் படங்கள். ஒரு சிவப்புச் சட்டம் ஒவ்வொரு படமாக நகர்ந்துகொண்டே வரும். வேண்டிய படத்தின் மேல் அது வந்து நிற்கும்போது பாவாயி இடது கையால் ஒரு பெரிய பொத்தானை அமுக்கினால், பலகை அந்த வார்த்தையைச் சொல்லும். தண்ணீர்க் குடம் மேல் அமுக்கினால் "தண்ணி."

இன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவளைக் கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னாள். பெயர் பாவாயியா என்றதற்கு "ஆமா." பசிக்கிறதா என்றதற்கு "இல்லை." நர்சுகள் கை தட்டினார்கள். "புத்தி தெளிவா இருக்குங்க, ஒரு குறையும் இல்லை" என்றார் ஆக்னஸ் அம்மா.

வீட்டுக்கு வந்து பலகையை அவள் மடியில் வைத்தேன். என்னைப் பார்த்து "போ" என்றாள்.

பஸ்ஸில் வந்த அலுப்பு. சக்கர நாற்காலியை ஏற்றி இறக்கிக் கொடுத்த கண்டக்டர் நன்றாக இருக்க வேண்டும்.

ஆவணி 3, புதன்

"ஜன்னல்" என்றாள். திறந்துவிட்டேன். காற்று நன்றாக வந்தது. கொஞ்ச நேரத்தில் படுக்கை நனைந்துவிட்டது. விரிப்பைத் துவைத்துப் போட்டேன். நல்ல வெயில், சீக்கிரம் காய்ந்தது. வெயிலுக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

ஆவணி 6, சனி

பலகைக்கு ராத்திரியில் கரண்ட் ஏற்றி வைக்கிறேன். காலையில் வயரைக் கழற்றிவிட்டுத்தான் அவள் கையில் கொடுப்பேன். மண்டியில் ஒரு மழைக்காலத்தில் எடை மிஷின் வயரை ஈரக்கையால் தொட்ட ரங்கண்ணன் என் கண் முன்னால் தூக்கி எறியப்பட்டதைப் பார்த்தவன் நான். பாவாயிக்கு வாயோரம் எச்சில் வடிந்துகொண்டே இருக்கும், இடது கையால் துடைத்துக்கொண்டே இருப்பாள். அந்தக் கையில் வயர் பட நான் விடுவதாயில்லை.

மத்தியானம் கஞ்சி ஊட்டினேன். பாதியில் "வலி" என்றாள். கிண்ணத்தை வைத்துவிட்டுக் காலுக்கு எண்ணெய் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க இடது கையால் என்னைத் தள்ளினாள். பிறகு மிச்சக் கஞ்சியை ஊட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். நல்ல பொறுமைசாலி.

ஆவணி 7, ஞாயிறு

மகள் சம்பூர்ணம் ஓசூரிலிருந்து வந்திருந்தாள். அங்கே ஒரு ஃபேக்டரியில் கணக்கு வேலை. பலகை அவளுக்குப் புதிது. அம்மா பேசப் போகிறாள் என்று குழந்தை மாதிரி முன்னால் உட்கார்ந்தாள்.

"அம்மா, நான் வந்தது சந்தோசமா?"

"இல்லை" என்றது பலகை.

சம்பூர்ணம் சிரித்தாள். "கோபமா? மாசம் ஒருக்கா வாறேன்னுதானே? செரி. அப்பா உன்னை நல்லாப் பாத்துக்கறாரா?"

சட்டம் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. பாவாயி அமுக்கினாள். "இல்லை."

"என்னம்மா?"

"இல்லை." மறுபடியும் அமுக்கினாள். "இல்லை."

பாவாயியின் முகம் சிவந்து தலை ஆடியது. நான் பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டேன். பலகை "போ" என்றது.

சம்பூர்ணம் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். "என்னப்பா நடக்குது இங்க?"

"ஒண்ணுமில்ல கண்ணு. நேரத்துக்குச் சோறு, மருந்து, எல்லாம்…"

"அம்மாவுக்குப் புத்தி தெளிவா இருக்குதுன்னு ஆக்னஸ் மேடம் போன்ல சொன்னாங்க. அப்ப அது சொல்றது நெசந்தானே? அடுத்த மாசம் லீவு போட்டு வாறேன். அம்மாவைக் கூட்டிட்டுப் போயிர்றேன். நீங்க கோவிச்சுக்காதீங்க."

புரட்டாசி மூன்றாம் தேதி, சனிக்கிழமை, கார் எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லிப் போனாள். அவள் சொன்னதில் தப்பில்லை. பெற்றவளை நினைத்து உருகும் மகள் எத்தனை பேருக்கு வாய்க்கிறாள். ஊருக்குப் போனதும் பத்திரமாக வந்து சேர்ந்தேன் என்று போன் செய்தாள்.

புத்தி தெளிவாக இருப்பது நல்ல விஷயம்தான்.

ஆவணி 11, வியாழன்

காலையில் "போ" என்றாள். எழுந்து வாசலில் போய் நின்றேன். உள்ளே பொத்தான் சத்தம். "போ." கேட்டைத் தாண்டி நின்றேன். மறுபடியும் "போ." தெருமுனை டீக்கடை வரை போனேன். அங்கே இருந்தால் கேட்காது.

டீக்கடைக்காரர் காசு வேண்டாம் என்றுவிட்டார். "பாவாயியக்கா இட்லி எத்தனை நாள் தின்னிருப்பேன்" என்றார். திரும்பி வந்தபோது அவள் கண் கலங்கி இருந்தது. நானாவது ஒரு டீ குடித்திருந்தேன்.

நான் இப்போது கூடத்தில் படுத்துக்கொள்கிறேன். அங்கே காற்றோட்டம் அதிகம்.

ஆவணி 14, ஞாயிறு

சாயங்காலம் விளக்கு வைத்த நேரத்தில் "தூக்கம்" என்றாள். இவ்வளவு சீக்கிரமா என்று நினைத்தேன். விளக்கை அணைத்துவிட்டு விசிறினேன். திரும்பத் திரும்ப "தூக்கம்", "தூக்கம்." டிவியை அணைத்தேன். பக்கத்து வீட்டில் பாட்டைக் குறைக்கச் சொன்னேன். உடனே குறைத்தார்கள், நல்ல மனிதர்கள். அப்புறமும் "தூக்கம்." பலகையை எடுத்து ஓரமாக வைத்தேன். இருட்டில் அழுதாள். தூக்கம் வராமல் அழுகிறாள் என்று இன்னும் மெதுவாக விசிறினேன்.

ஆவணி 17, புதன்

இன்றைக்கு நடந்ததை விவரமாகச் சொல்ல வேண்டும்.

வாசல் படியில் நாற்காலி ஏறச் சரிவுப் பலகை போடுவதற்கு அளவு பார்க்க ஆக்னஸ் அம்மா வீட்டுக்கு வந்திருந்தார். "எப்படி இருக்கீங்க பாவாயிம்மா, தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றாள். கொஞ்ச நேரம் முன்னால்தான் ஒரு டம்ளர் குடித்திருந்தாள்.

"வேணுமா?"

"இல்லை." சொல்லிவிட்டு டம்ளரையே பார்த்தாள்.

ஆக்னஸ் அம்மா நெற்றியைச் சுருக்கினார். "எங்கிட்ட இப்படிப் பேசவே மாட்டாங்களே."

"எங்கிட்டத்தானுங்க இப்படி" என்று என் வாயில் வந்துவிட்டது.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பாவாயி இடது கையால் பொத்தானை ஓங்கி ஓங்கிக் குத்தினாள். "வேண்டாம். வேண்டாம். வேண்டாம்." ஆக்னஸ் அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். அப்போது பலகையில் சார்ஜ் குறைந்துவிட்டது என்று ஒரு சத்தம் வந்தது. வயரை எடுத்துச் சொருகினார். நான் பதறினேன்.

"ஈரக்கைங்கம்மா, வயர் ஆகாது!"

"இது டார்ச் லைட் பேட்டரி அளவு கரண்டுதான் அய்யா, ஒண்ணும் பண்ணாது. ஆஸ்பத்திரியில எப்பவும் வயரோடதானே வெச்சிருப்போம்?"

சொல்லிக்கொண்டிருக்கும்போதே பாவாயி அமுக்கினாள். "தண்ணி."

ஆக்னஸ் அம்மா எழுந்துவிட்டார். வயரைப் பிடுங்கினார். "இன்னொருக்கா அதையே சொல்லுங்க." பாவாயி அமுக்கினாள். "வேண்டாம்." சொருகினார். "தண்ணி." பிடுங்கினார். "வேண்டாம்."

"கடவுளே" என்றார் ஆக்னஸ் அம்மா. அங்கேயே நின்று கோயமுத்தூர்க் கம்பெனிக்குப் போன் போட்டார்.

நான் தண்ணீர் கொண்டுவந்தேன். முழு டம்ளரும் குடித்தாள்.

ஆவணி 19, வெள்ளி

கம்பெனியிலிருந்து நஸ்ரின் என்று ஒரு பெண் வந்தாள். தோளில் ஒரு பை, அதில் ஒரு கம்ப்யூட்டர். பலகைக்கு உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் எழுதியது அவள்தானாம். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பலகையோடு வயரை மாட்டிக் கழற்றி வெகுநேரம் மல்லுக்கட்டினாள். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அம்மா சரியாத்தான் அமுக்கியிருக்காங்க. தப்பு எம்மேலதானுங்க ஐயா."

"எனக்குப் புரியற மாதிரிச் சொல்லு அம்மிணி."

"உள்ள ஒரு குட்டி மூளை இருக்கு. எப்பவும் முழிச்சிட்டே இருந்தா பேட்டரி தீந்துரும். அதனால வேலை இல்லாதப்பத் தூங்கிரும். தூங்கறதுக்கு முன்னாடி அலாரம் வெச்சுக்கும். சட்டத்தை நகர்த்த ஒரு அலாரம். பொத்தானை அமுக்கியிருக்காங்களான்னு பார்க்க ஒண்ணு. பேட்டரி எவ்வளவு இருக்குன்னு பார்க்க, நெட் கிடைக்குதான்னு தேட… இப்படி நிறைய. டைமர்னு சொல்லுவோம். ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா எந்திரிச்சா எந்திரிச்சே களைச்சுப் போயிருமில்லீங்களா?"

"ஆமா."

"அதனால வயரைக் கழட்டுனதும், பக்கத்துப் பக்கத்து அலாரத்தையெல்லாம் ஒண்ணாச் சேர்த்துக்கும். ஒரே தடவை எந்திரிச்சு எல்லா வேலையும் முடிச்சுட்டுத் தூங்கும். ஷேர் ஆட்டோ ஆள் சேர்ற வரைக்கும் நிக்குமில்ல, அந்த மாதிரி. பெட்ரோல் மிச்சம். ஆனா அதுல ரயிலுக்குப் போற ஆள் ஒருத்தர் உக்காந்திருந்தா?"

"ரயில் போயிரும்."

"அம்மாவோட பொத்தான்தான் ரயிலுக்குப் போற ஆளு. நான் அதையும் ஷேர் ஆட்டோவுல உக்கார வெச்சுட்டேன். மூளை எந்திரிச்சதும் முதல்ல சட்டத்தை அடுத்த படத்துக்கு நகர்த்துது. அப்புறமாத்தான் பொத்தானைப் பார்க்குது. அம்மா தண்ணி மேல அமுக்குனது, சட்டம் தாண்டிப் போன பின்னாடி கணக்குல ஏறுது. ஒரு படம் தள்ளி."

"நீ செஞ்சப்ப இது தெரியலையா?"

"என்ற மேசையில எப்பவும் வயர் மாட்டியே இருக்கும். வயர் இருந்தா அது ஆள் சேர்க்காது, அப்பப்பக் கிளம்பிரும். வயரே இல்லாம ஒருத்தர் இவ்வளவு பத்திரமா வெச்சுப் பார்ப்பாருன்னு நான் யோசிக்கவே இல்லீங்க."

அதைத் திட்டாகச் சொன்னாளா பாராட்டாகச் சொன்னாளா என்று தெரியவில்லை. நல்ல பெண். செய்தது நான்தான் என்று சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்.

இதுவரைக்கும் அம்மா என்னென்ன சொன்னார்கள், ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாள். எனக்கு மறதி கிடையாது. எழுதி வைக்கத் தெரியாதவனுக்கு மண்டைதான் பெட்டி. ஒவ்வொன்றாகச் சொன்னேன். நஸ்ரின் அந்தப் படத்தின் மேல் விரல் வைத்து, ஒரு படம் பின்னால் நகர்த்தினாள்.

"இல்லைன்னு சொன்னது, ஆமா."

"வலின்னு சொன்னா. கஞ்சி குடிக்கறப்ப."

"அது வேண்டாம்."

நான் எண்ணெய் தேய்த்துவிட்டு மிச்சத்தையும் ஊட்டியது ஞாபகம் வந்தது. பாவாயியைப் பார்த்தேன். உதட்டின் ஒரு பக்கம் இழுத்துச் சிரித்தாள்.

"ஜன்னல்."

"கழிவறை" என்று மெதுவாகச் சொன்னாள் நஸ்ரின்.

"போன்னு சொன்னா. தெனமும்."

"வா, ஐயா."

டீக்கடை வரைக்கும் போனேன் என்று நான் அவளிடம் சொல்லவில்லை.

"தூக்கம்னு சொன்னா. ஞாயித்துக்கிழமை."

நஸ்ரின் விரலைப் பின்னால் கொண்டுபோனாள். படத்தைத் தொடாமல் நிறுத்திக்கொண்டாள். எனக்கு எழுத்துத்தான் தெரியாது. அந்தப் படத்தில் ஓர் ஆள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

வயரைச் சொருகிக் கேட்டோம். இன்னும் வலிக்கிறதா? "ஆமா."

ஆவணி 20, சனி

டாக்டர் பார்த்தார். மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கியிருக்கிறதாம். ஒன்றை நிறுத்தி வேறொன்று எழுதிக் கொடுத்தார். இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றார். பயப்பட ஒன்றுமில்லை என்றும் சொன்னார். அந்த டாக்டரின் பிள்ளை குட்டிகள் நன்றாக இருக்கட்டும்.

நஸ்ரின் ஊருக்குத் திரும்பும் முன் ஒரு வேலை செய்துவிட்டுப் போயிருக்கிறாள். அலாரங்களைச் சேர்ப்பதையே நிறுத்திவிட்டாளாம். எல்லா அலாரமும் அதனதன் நேரத்தில் அடிக்கும். "பேட்டரி சீக்கிரம் தீரும், வயரோடயே வெச்சுக்கங்க. சீக்கிரம் நல்லதா ஒண்ணு அனுப்பறேன்" என்றாள். வயரை என் கையால் சொருகினேன். அதற்கு முன்னால் துண்டால் இரண்டு தடவை கையைத் துடைத்துக்கொண்டேன்.

பாவாயி "வா" என்றாள். போனேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து "வா" என்றாள். "இங்கதானே இருக்கேன்" என்றேன். "வா." சும்மா சொல்லிப் பார்க்கிறாள்.

ஆவணி 24, புதன்

கஞ்சி வேண்டாம் என்றாள். ஊட்டவில்லை. படுக்கை நனையவில்லை. மறுபடியும் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டுக்கொண்டேன். கூடத்தில் கொசு அதிகம்.

ஆவணி 27, சனி

நல்லபடியாகச் சொல்ல முடியவில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

நான் போனில் சொன்னதை நம்ப முடியாமல் சம்பூர்ணம் நேரில் பார்க்கவே கிளம்பி வந்திருந்தாள். இன்றைக்கென்று மின்சார வாரியத்தில் பராமரிப்பு வேலை. காலையிலேயே கரண்டை நிறுத்திவிட்டார்கள். பலகை பேட்டரியில்தான் ஓடியது. பாவாயி காலையிலிருந்து மகளோடு பேசித் தீர்த்தாள். பசி, டிவி, வா, போ, என்று அமுக்கி அமுக்கி இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு வயிறு நிறைந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சம்பூர்ணம் பாவாயிக்கு முன்னால் உட்கார்ந்தாள். "அம்மா, நேராக் கேக்கறேன். இங்க அப்பாகூட இருக்கறது உனக்குச் சம்மதமா?"

சட்டம் நகர்ந்து வந்தது. பாவாயி கையைத் தூக்கினாள். பலகை அணைந்து கறுப்பாகிவிட்டது.

"என்னப்பா ஆச்சு?"

"பேட்டரி தீந்திருச்சு கண்ணு. அலாரமெல்லாம் தனித்தனியா அடிக்குதில்ல, அதனால சீக்கிரம்…"

"என்ன அலாரம்? போன தடவை இல்லைன்னு சொன்னதுக்கு மிஷின் மேல பழி. இப்ப கேட்டா மிஷினே செத்துப் போச்சு. நான் எதைத்தான்பா நம்பறது?"

"அந்தப் புள்ள நஸ்ரினைக் கேட்டுப் பாரு."

"யாரையும் கேக்கல. அம்மா அன்னைக்கு மூணு தடவை இல்லைன்னு சொன்னா. அவ மூஞ்சி செவந்துச்சு. அதை நான் கண்ணால பாத்தேன். அதுவும் மிஷினா?"

பாவாயி செத்த பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தாள். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சம்பூர்ணம் அவள் மடியில் தலை வைத்து அழுதாள். "பயப்படாதம்மா, நான் வந்து கூட்டிட்டுப் போறேன்." சொன்ன தேதியில் கார் வரும் என்று என்னைப் பார்க்காமல் சொல்லிவிட்டு மூன்று மணிப் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அம்மாவுக்காக மல்லுக்கு நிற்கிறாள். அந்தக் குணம் பாவாயியிடமிருந்து வந்தது. அதை நினைத்துச் சந்தோஷப்பட்டுக்கொள்கிறேன்.

ஆவணி 28, ஞாயிறு

நஸ்ரினுக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"ஒரு ஓரத்துல இருந்து இன்னொரு ஓரத்துக்கு ஓடிட்டேனுங்க ஐயா. எல்லாரையும் காக்க வெச்சதும் தப்பு, யாரையுமே காக்க வைக்காததும் தப்பு. கொஞ்சம் டைம் குடுங்க."

"சனிக்கிழமை என்ற மக வருவா அம்மிணி."

"அதுக்குள்ள முடிச்சர்றேன்."

ஆவணி 31, புதன்

நஸ்ரின் நேரிலேயே வந்துவிட்டாள். இந்தத் தடவை ஒவ்வொரு அலாரத்திடமும் நீ எவ்வளவு நேரம் பொறுப்பாய் என்று கேட்டு வைத்திருக்கிறாளாம். பேட்டரி பார்ப்பது பொறுக்கும். நெட் தேடுவது அதைவிடப் பொறுக்கும். அவையெல்லாம் ஷேர் ஆட்டோவில் சேர்ந்து வரட்டும். சட்டத்தை நகர்த்துவது கொஞ்சம்தான் பொறுக்கும்.

"அம்மாவோட பொத்தானுக்கு அலாரமே கிடையாது. அமுக்குன நிமிசமே மூளையை எழுப்பிரும். எந்தப் படத்து மேல அமுக்குனாங்கன்னு அப்பவே குறிச்சுக்கும்."

"பேட்டரி?"

"நேத்து முழுக்க இதே மாதிரி இன்னொரு பலகையை வயரில்லாம எங்க வீட்டுச் சமையக்கட்டுல மாட்டி வெச்சிருந்தேன். போறவங்க வர்றவங்க எல்லாரையும் அமுக்கச் சொன்னேன். பசி பசின்னு கேட்டே எங்கம்மாவுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு. விடிஞ்சு பாத்தா பாதி மிச்சம் இருந்துச்சுங்க. முன்னைவிட வேகமாவும் பேசுது. வேணாத அலாரம் குறுக்க வராததால."

புதிதாகச் சில படங்களும் சேர்த்தாள். என் முகத்தையும் போனில் பிடித்துப் பலகையில் போட்டாள். பாவாயி அதை அமுக்கிப் பார்த்தாள்.

"மாரப்பன்" என்றது பலகை.

பாவாயி நாக்கைக் கடித்துக்கொண்டாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து என் பெயர் அவள் வாயில் வந்ததில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட என்னைக் கைகாட்டுவாள். இப்போது உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். நஸ்ரின் பயந்துவிட்டாள்.

"தப்பாப் போட்டுட்டேனுங்களா? அம்மா உங்களை எப்படிக் கூப்பிடுவாங்க?"

"ஏனுங்."

"கேக்கறேனுங்க, எப்படிக் கூப்பிடுவாங்க?"

"அதான் அம்மிணி. 'ஏனுங்'ன்னுதான் கூப்பிடுவா."

மாற்றிக் கொடுத்தாள். சாப்பிட்டுப் போ என்றால் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஒரு வாழைப்பழம் மட்டும் எடுத்துக்கொண்டாள். அவளைப் பெற்ற வயிற்றுக்கு ஒரு கும்பிடு.

புரட்டாசி 3, சனி

கார் வந்தது. சம்பூர்ணம் மட்டும் இறங்கினாள். நான் பலகையின் வயரைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். "நீயே பாத்துக்க" என்றேன்.

அவள் கணக்கு வேலை பார்ப்பவள், சும்மா நம்பமாட்டாள். "அம்மா, நான் உன்ற மகளா?"

"ஆமா."

"ஊரு மதுரையா?"

"இல்லை."

"அப்பா அழகா?"

பாவாயி என்னை மேலும் கீழும் பார்த்தாள். சட்டம் ஆமாவில் வந்து நின்றது. அதைப் போகவிட்டாள். "இல்லை."

"மிஷின் சரியாத்தான் இருக்குது" என்றேன். சம்பூர்ணத்துக்கு வாயோரம் சிரிப்பு வந்து போயிற்று. பிறகு குரல் இறங்கியது.

"அப்பா உன்னை நல்லாப் பாத்துக்கறாரா?"

"ஆமா." பாவாயி நிறுத்தவில்லை. சட்டம் சுற்றி வரும்வரை காத்திருந்து மறுபடியும், "ஆமா." இன்னொரு சுற்று. "ஆமா."

சம்பூர்ணம் என் பக்கம் திரும்பவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "செரி. அப்ப இங்கயே இருக்கறயா? இல்ல, என்கூட வாறயா? வர்றதுன்னா ஆமான்னு சொல்லு."

சட்டம் சுற்றியது. ஒரு சுற்று விட்டாள். இரண்டாவது சுற்றில் அமுக்கினாள்.

"ஆமா."

எனக்குக் காது சரியாகக் கேட்டது. மகளுக்கும் கேட்டது. "அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லு" என்று அவளே கேட்டாள். "ஆமா." வயர் இல்லை. ஒரு படமும் தள்ளவில்லை. அது பாவாயியின் சொந்த வார்த்தை. அவள் என்ன நினைக்கிறாள் என்று தெரியாமல் இருந்தோமே, இப்போது தெரிகிறதே, அதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே பீரோவைத் திறந்து அவள் சேலைகளை எடுத்து வைத்தேன். பச்சைச் சேலை அவளுக்குப் பிடிக்கும். அதை மேலாக வைத்தேன்.

"ஏனுங்."

திரும்பினேன்.

"வா."

"வந்துட்டேன். என்ன வேணும்?"

"வா" என்றாள். கையைத் தூக்கி வாசலில் நின்ற காரைக் காட்டினாள்.

சம்பூர்ணம்தான் முதலில் புரிந்துகொண்டாள். "அப்பாவும் வரணுமா?"

"ஆமா."

"நான் எதுக்கு கண்ணு? வீட்டை ஆரு பாக்கறது? உங்க வீட்டுல இருக்கறதே ரெண்டு ரூமு…"

"ஏம்மா? இத்தனை நாள் இங்கதானே இருந்தீங்க, இப்ப எதுக்குக் கிளம்பற?" என்று அம்மாவைக் கேட்டாள் சம்பூர்ணம்.

பாவாயி பொறுமையாக இரண்டு படம் அமுக்கினாள். முதலில் என் முகம். "ஏனுங்." அப்புறம் சட்டம் வெகுதூரம் போனது. "தூக்கம்."

சம்பூர்ணம் என் கண்ணைப் பார்த்தாள். இளைத்த இடுப்பில் இறுக்கிக் கட்டின என் வேட்டியைப் பார்த்தாள். எனக்கு நன்றாகத்தான் தூக்கம் வருகிறது என்று சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

"உங்களுக்குத் தூக்கமில்ல, சொன்னாலும் நீங்க கேக்கறதில்லைன்னுதான் எங்கிட்டச் சொல்றா" என்றாள் மகள். "உங்க துணியையும் எடுங்கப்பா. என்ற மேல கோபமிருந்தா வண்டியில உக்காந்து திட்டிட்டே வாங்க."

கோபம் எங்கே இருக்கிறது. இரண்டு வேட்டி, ஒரு துண்டு எடுத்துக்கொண்டேன். டீக்கடைக்காரரிடம் சாவியைக் கொடுத்தேன்.

புரட்டாசி 8, வியாழன். ஓசூர்.

இங்கே குளிர். ஆறாவது மாடி. லிஃப்டில் ஏறும்போது பாவாயி என் சட்டையைப் பிடித்துக்கொள்கிறாள். மாப்பிள்ளை எங்களுக்கு உள் அறையைக் கொடுத்துவிட்டு அவர்கள் கூடத்தில் படுக்கிறார்கள். வேண்டாம் என்றால் சிரிக்கிறார். காலையில் சம்பூர்ணம் ஓட்ஸ் கஞ்சி கொடுத்தாள். பலகை உடனே பதில் சொல்லிவிட்டது, இட்லிக்கு அரிசி ஊறிக்கொண்டிருக்கிறது. இங்கே பயிற்சி கொடுக்க ஆக்னஸ் அம்மா ஒருவரைச் சொல்லிவிட்டிருக்கிறார். வெகுநேரம் தூங்கினேன், எழுந்தபோது வெயில் கட்டிலுக்கு வந்துவிட்டது, எழுப்பக் கூடாது என்று பாவாயி எல்லாரையும் தடுத்திருக்கிறாள்.

பால்கனியில் நின்றுதான் இதைப் பேசுகிறேன். கீழே லாரிகள் தீப்பெட்டி மாதிரிப் போகின்றன. நஸ்ரினுக்குப் போன் செய்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஆக்னஸ் அம்மாவுக்கு ஒரு

உள்ளே கூப்பிடுகிறாள். இவர்கள் எல்லாம் பொறுப்பார்கள். இந்தப் போனும் பொறுக்கும். மறுபடியும் கூப்பிடுகிறாள். போகிறேன்.